மேரி அக்காவின் கண்ணாடி

செவ்வாய்க்கிழமை

ஒரகடத்தில் வேலையில்லாதவர்களுக்கு அரசு நடத்தும் இலவசப் பயிற்சி இன்றோடு முடிந்தது. ஆள் எடுக்கக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பொடி ஸ்க்ரூக்களை மாட்டிக் காட்ட வேண்டும். எனக்கும் மேரி அக்காவுக்கும் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. பயிற்சி முழுக்க அவர் கண்ணாடியைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். தேறிவிட்டேன். உள்ளறையில் உட்காரச் சொன்னார்கள். வெளியே அக்காவின் பெயரைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. கண்ணாடி என் முகத்தில்தான் இருந்தது. எழுந்தால் என் இடம் போய்விடுமோ என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா தேறவில்லை.

சாயங்காலம் போன் செய்தார். “உனுக்காவது கெட்ச்சிதே. கண்ணாடி உன்னாண்டதானே கீது?”

“மறந்துட்டேன்க்கா” என்றேன். மறந்தேனாம்.

“பரவால்ல, நீயே வச்சிக்கோ. இனிமே உனுக்குதான் வேணும்.”

இதையும் அதைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.