மூன்றாம் கிண்ணமும் நான்காம் கிண்ணமும்

ஜூலை 5, சனி

வெயில். மலைக் கோயிலில் லவுட்ஸ்பீக்கர் காலை ஐந்துக்கே ஆரம்பம். கரண்ட் போனது, வந்தது, போனது.

இன்றைய சாதனைகள்:
1. டி.வி. ரிமோட்டின் மூக்கில் கறுப்பு டேப். நைனா மூன்று முறை பேட்டரி மாற்றினார். கடைசியில் பேட்டரிக் கடைக்காரரைத் திட்டினார்.
2. அம்மா போன் அலாரத்தில் கோழி கூவல். அம்மா கொல்லைப் பக்கம் போய்க் கோழியைத் தேடினாள்.
3. கீழே.

எஸ்தர் அக்காவுக்கு லீவு. பெயருக்குத்தான். சென்னையில் பி.எச்டி., அதாவது ஊரெல்லாம் காபி போட்டால் இவள் கண்ணாடி காய்ச்சுவாள். லேபில் பாலிஷ் மெஷின் ரிப்பேர். அதனால் ஐந்து கண்ணாடித் துண்டுகளை வீட்டுக்கே தூக்கி வந்து, எமரித் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறாள். சர்ர். சர்ர். பல் கூசுகிறது.

துண்டு ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. லேசான ரோஸ். உள்ளே எர்பியம், யிட்டர்பியம் என்று இரண்டு பேர். அருமண் தனிமங்களாம். "அருமையான மண்ணா?" என்றேன். "ஆங், உன் மண்டைல இருக்கறது" என்றாள். பதிலுக்குப் பதில். குடும்ப ரத்தம்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இதற்குள் விட்டால் பச்சையாக வெளியே வரும். யிட்டர்பியம் ஒளியைப் பிடித்துப் பிடித்து எர்பியம் கையில் கொடுக்கும். ஒரு பங்கு வந்தால் போதாது. இரண்டு சேர்ந்தால்தான் எர்பியம் பச்சையாகப் பளிச்சிடும். முதல் துண்டில் எர்பியம் கொஞ்சம், அடுத்ததில் கூட, அதற்கடுத்ததில் இன்னும் கூட, இப்படி ஐந்து. எதில் வெளிச்சம் அதிகம் என்பதுதான் அக்காவின் கேள்வி. ஐந்தாவதில்தானே என்றேன். இல்லையாம். கூட்டம் சேர்ந்துவிட்டால் எர்பியமும் எர்பியமும் ஒன்றோடொன்று பேசியே கையில் இருப்பதைத் தொலைத்துவிடும். எங்கள் ப்ளஸ் ஒன் பி செக்‌ஷன்.

துண்டின் மேல் நம்பர் எழுத முடியாது, தேய்த்தால் போய்விடும். அதனால் அக்கா வைத்திருப்பது எங்கள் சர்ச்சின் பழைய திருவிருந்துத் தட்டு. திராட்சை ரசம் ஊற்றிக் கொடுக்கும் குட்டிக் கிண்ணங்கள் வட்டமாக நிற்குமே, அது. புதுசு வந்ததும் பழையதை நைனா வீட்டுக்குக் கொண்டுவந்தார். முதல் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். அங்கிருந்து வலமாக எண்ண வேண்டும். கிண்ணத்துக்கு ஒரு துண்டு. ஒன்றை எடுத்துத் தேய்த்து, அதே கிண்ணத்தில் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள்.

பன்னிரண்டரைக்குப் போன் பேச வெளியே போனாள். மூன்றையும் நான்கையும் இடம் மாற்றினேன். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரிகிறதா பார்ப்போமே என்று.

தெரியவில்லை.

சாப்பிடும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். அதற்குள் இவள், நான் கெமிஸ்ட்ரி மிஸ் நாற்காலியில் சாக்பீஸ் தூள் தடவியதை அம்மாவிடம் போட்டுக்கொடுத்தாள். அரை மணி நேர அர்ச்சனை. சொல்ல மாட்டேன், போ.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச். பிரசங்கம் நீளம். ஃபேன் குட்டை.

அக்காவோடு பேச்சு வார்த்தை இல்லை.

ஜூலை 7, திங்கள்

எழுந்தபோது மணி ஏழு. அக்கா ஐந்தே முக்கால் ரயிலுக்கே சென்னைக்குப் போயிருந்தாள். தட்டும் போயிருந்தது.

மெசேஜ் அடித்தேன், அழித்தேன். அளக்கும்போது அவளே கண்டுபிடித்துவிடுவாள். பி.எச்டி. ஆயிற்றே.

ஜூலை 9, புதன்

சென்னையிலிருந்து திரும்பிய அக்கா கையில் பை நிறைய மசால் வடை. ஸ்டேஷன் வாசலில் வாங்கியது. அவள் வடை வாங்கி நான் பார்த்ததே இல்லை.

விஷயம் இதுதான். இந்த வகைக் கண்ணாடியில் எல்லாருக்கும் மூன்றாவது அளவோடு வெளிச்சம் இறங்க ஆரம்பித்துவிடும். அக்காவுக்கு மட்டும் நான்காவது வரை ஏறியிருக்கிறது. கைடு மேடம் கம்ப்யூட்டர் திரையில் அந்த வரைபடக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தாராம். அடுத்த மாதம் ஐதராபாத்தில் ஒரு கருத்தரங்கு. லேபிலிருந்து ஒருவர்தான் போய்ப் பேசலாம். திவ்யா என்கிற சீனியர் போவதாக இருந்தது. இப்போது அக்கா. நான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

நைனா ஆர்.கே.பேட்டை அத்தைக்கு ஸ்பீக்கரில் போன். "ஆங், கண்ணாடிதான். இல்லம்மா, ஜன்னலுக்கு இல்ல. மூஞ்சி பாக்கறதும் இல்ல. அதெல்லாம் உனக்குப் புரியாது, எனக்கே இன்னும் புரியல."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் என்றாள். வெங்காயமே உரிக்கவில்லை.

நான் இரண்டு வடை. இரண்டாவதைப் பாதியில் காக்கைக்குப் போட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மழை. யூனிஃபார்ம் காயவில்லை.

சொல்ல முயன்றது:
காலை: பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். விட்டேன்.
மாலை: மேடத்தோடு போன். "தேங்க்ஸ் மேடம்" என்று ஒன்பது முறை. விட்டேன்.
ராத்திரி: அவளே வந்து உட்கார்ந்தாள். சனிக்கிழமை போட்டுக்கொடுத்ததற்கு சாரிடி என்றாள். நான் ஜோக் அடித்துவிட்டு எழுந்து போனேன். என்ன ஜோக் என்று எழுதப் பிடிக்கவில்லை.

சொல்லாமலே இருந்தால் யாருக்குத் தெரியும்? ஐதராபாத்தில் நூறு பேர் முன்னால் பேசுவாள். பிறகு எங்கேயோ ஒருவர் அதே கண்ணாடியைக் காய்ச்சிப் பார்ப்பார். வராது. அவர் என்னையா திட்டுவார்?

ஜூலை 11, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் வாயில் கிளிப். "அக்கா, மூணும் நாலும் நான் மாத்திட்டேன்" என்றேன்.

கிளிப்பை எடுத்தாள். "இன்னா மூணு நாலு?"

"தட்டுல. போன சனிக்கிழமை. நீ போன் பேசிகினு இருந்தப்போ."

கத்துவாள் என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கையில் இருந்த பாவாடையை நான்காக மடித்தாள். அகச்சிவப்பு என்றால் இதுதான் போல. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பக்கத்தில் நின்றவளுக்குச் சுட்டது.

அதைக் கூடையில் வைத்துவிட்டு, "ரெண்டு மட்டும்தானா?" என்றாள்.

"சத்தியமா."

அப்படியென்றால் கம்ப்யூட்டரில் மூன்றையும் நான்கையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமே என்றேன். உதவுகிறேனாம்.

"நீ சொல்றத வெச்சு எப்பிடிடி மாத்தறது? நாளைக்கு வந்து ஒண்ணையும் அஞ்சையும் கூட மாத்தினேன்னு சொன்னா? மறுபடியும் எல்லாத்தையும் அளக்கணும்."

கீழே போய்விட்டாள். பதினாறு வருஷமாக என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். இது திட்டே இல்லை. அவள் நினைத்துப் பார்த்துச் சொன்னது.

சாப்பிடும்போது, "நாளைக்கு இவளும் வருவா" என்றாள் அம்மாவிடம். ஏன் என்று அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோலத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். சொன்னேன். நைனா பாதியில் எழுந்து கை கழுவினார்.

ஜூலை 12, சனி

ஐந்தே முக்கால் ரயில். பெட்டியில் பாதிப் பேர் மலையில் முடி இறக்கிச் சந்தனம் பூசிய மொட்டைகள். வேறு நாளாக இருந்தால் எண்ணியிருப்பேன். திருவாலங்காடு வரை அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகும்.

லேப் சின்னது. வாசலில் செருப்பு. என் கண்ணில் தடித்த கண்ணாடி மாட்டினார்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும்.

முதலில் எடை. ஒவ்வொரு துண்டையும் காற்றில் நிறுத்து, பிறகு தண்ணீரில் முக்கி நிறுத்தாள். எர்பியம் கூடினால் கண்ணாடியின் அடர்த்தியும் கூடும். ஒன்று, இரண்டு, ஐந்து சரி. மூன்றாவது கிண்ணத்தில் இருந்தது நான்காவதைவிட அடர்த்தி. நான் சொன்னது நிஜம் என்று தராசு சொன்னது. அக்கா என்னைப் பார்த்தாள். ஒரு நொடி.

பிறகு விளக்கை அணைத்து லேசர். ஒளி வருவது தெரியவில்லை. திடீரென்று ரோஸ் துண்டின் நடுவில் ஒரு பச்சைக் கோடு. இளம் நெற்பயிர் பச்சை. எங்கிருந்தும் வராததுபோல் வந்தது. வாயில் ஜோக் எதுவும் வரவில்லை.

சரியான வரிசையில் வரைபடக் கோடு மூன்றாவது வரை ஏறி, நான்காவதில் இறங்கியது. எல்லாருக்கும் வருகிற மாதிரியே.

பதினொன்றரைக்கு மேடம் வந்தார். குள்ளம், மூக்குக் கண்ணாடி, டிபன் பை. பழைய கோடு, புதுக் கோடு இரண்டையும் பார்த்துவிட்டு எப்படி மாறியது என்று கேட்டார். அக்கா, "தேய்க்கும்போது என் கவனக்குறைவு மேடம்" என்றாள். "நாலு வருஷம் ஆச்சு எஸ்தர்" என்றார் மேடம். அவ்வளவுதான். அக்கா காது மடல் சிவந்தது.

"நான்தான் மேடம்" என்றேன். "அக்கா இல்ல. நான் விளையாட்டுக்கு மாத்துனேன். அவங்களுக்கு நேத்துதான் தெரியும்."

மேடம் என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனேன்: கிண்ணம், சாக்பீஸ் தூள், வடை, எல்லாம். சிரிக்கவில்லை அவர். கோபப்படவும் இல்லை. ஐதராபாத்துக்குத் திவ்யாதான் போவாள் என்றார். அக்கா தலையாட்டினாள். கண்ணாடியை வீட்டுக்கு எடுத்துப் போக இனி அனுமதி இல்லை. அதற்கும் தலையாட்டினாள்.

பிறகு அலமாரியிலிருந்து அக்காவின் லேப் நோட்டை எடுத்தார். தடிப் பச்சை அட்டை. திங்கள்கிழமைப் பக்கத்தில் அந்தத் தப்பான அளவுகள் அக்காவின் அழகான கையெழுத்தில். அடிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது, பக்கத்திலேயே நடந்ததை எழுத வேண்டுமாம்.

"மாத்தினவங்களே எழுதட்டும்" என்று பேனாவை என் பக்கம் தள்ளினார்.

இந்த டைரியில் எவ்வளவோ கிறுக்குகிறேன். அங்கே ஒரு வரியை மூன்று முறை மனசுக்குள் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை வைத்தேன். 'ஜூலை 5 அன்று மூன்றாவது, நான்காவது துண்டுகளை நான் இடம் மாற்றினேன். அக்காவுக்குத் தெரியாது. பிளெஸ்ஸி.'

அக்கா குனிந்து படித்தாள். "மணி போடு" என்றாள்.

பன்னிரண்டரை என்று போட்டேன். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.