ஜோவிதாவின் வலது முழங்கால்

அனுப்புநர்:
அ. மரியமுத்து,
மைக்செட் உரிமையாளர் மற்றும் கபடி வர்ணனையாளர்,
திருமலைராயன்பட்டினம், காரைக்கால்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: விளையாட்டு ஒதுக்கீட்டில் நர்சிங் சேர்ந்த என் அக்காள் மகளைக் காயத்தோடு களத்தில் இறக்குவதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இப்படித்தான் வந்து நிற்கும் என்று இடம் கிடைத்த அன்றைக்கே நான் சொன்னேன். வீட்டார் கேக் வெட்டிக்கொண்டிருந்ததால் யார் காதிலும் விழவில்லை. நான் ஒன்பதாம் வகுப்புவரைதான் படித்தவன் என்றாலும், காரைக்கால் முதல் வேளாங்கண்ணி வரை என் குரல் தெரியாத கபடித் திடல் கிடையாது. என் அக்காள் சலோமியின் மகள் ஜோவிதாவுக்குக் 'கடற்கரைப் புயல்' என்று பட்டம் கொடுத்தவனும் நானே. அவள் ரெய்டு போனால், என் அறிவிப்பைக் கேட்டே எதிரணியில் பாதிப் பேர் கோட்டுக்கு வெளியே போய்விடுவார்கள்.

2. மதிப்பெண் போதாததால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். கல்லூரி அணிக்கு ஆடவேண்டும் என்பது நிபந்தனை. சென்ற மாதம் அந்தக் கல்லூரித் திடலில் பயிற்சியின்போதுதான் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. நானே கண்ணால் பார்த்தேன். கிழிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. ஆகவே முழுப் பொறுப்பும் கல்லூரியுடையது.

3. ஆனால் உடற்கல்வி ஆசிரியரோ, வரும் சனிக்கிழமை ஆடாவிட்டால் இடம் ரத்து என்கிறார். இன்னொரு முறை அந்தக் கால் திரும்பினால் காலம் முழுக்க நொண்டத்தான் வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். நாளெல்லாம் வார்டில் நின்று வேலை பார்க்கவேண்டிய பெண், ஐயா. கல்லூரி மாடிப்படியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாளாம். வலிக்கிறதா என்றால், "சும்மா இருங்க மாமா, அம்மா காதுல விழப்போவுது" என்கிறாள். ஐயாயிரம் பேர் முன்னால் மைக் பிடிக்கும் நான், கல்லூரியிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் விட்டுவிடுகிறேன். கல்லூரியின் பெயரைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். இதில் எழுதினால் அவளைக் குறிவைத்துவிடுவார்களோ என்று பயம்.

4. எனவே ஆட்சியர் சமூகம் அவர்கள் சனிக்கிழமைக்கு முன்பாகக் கல்லூரிக்கு ஆணையிட்டு, கால் குணமாகும்வரை அவளை ஆடவைக்காமலும் இடத்தைப் பறிக்காமலும் காப்பாற்ற வேண்டுகிறேன்.

நாள்: 10.09.2025
இடம்: திருமலைராயன்பட்டினம்

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
அ. மரியமுத்து

பின்குறிப்பு (கையால் எழுதியது): டைப் அடித்ததை ஜோவிதாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் பத்தி வந்ததும், "இதுல என்னையக் கையெழுத்துப் போடச் சொல்லாதீங்க மாமா" என்று எழுந்து போய்விட்டாள். விசாரணை என்றால் அவளைத்தானே கூப்பிடுவீர்கள். மறுபடி டைப் அடிக்க நேரமில்லை. கல்லூரித் திடலில் அடிபட்டது என்பது நானாகச் சேர்த்தது, ஐயா. அடிபட்டது பொங்கலுக்கு, நெடுங்காட்டு ஆட்டத்தில், இடம் கிடைப்பதற்கு முன்பே. சேர்க்கையின்போது காயமே இல்லை என்று அடித்துச் சொன்னதும் நான்தான். அவள் வாய் திறக்கவில்லை. மறைத்ததற்கு என்னைத் தண்டியுங்கள். அன்றைக்கு அவள் விழுந்து கிடந்தபோது, "புயலுக்கு ஒன்றுமில்லை, இதோ எழுகிறது பாருங்கள்" என்று மைக்கில் நான்தான் சொன்னேன். கூட்டம் கைதட்டியது. அவளும் எழுந்துவிட்டாள்.