கோமாரியிலிருந்து வந்த கடைசிக் கோடு

இன்று அஸர் தொழுதுவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். இந்த வருடக் கச்சான் காற்று அன்டெனாக் கம்பியின் இணைப்பை நன்றாகவே அரித்துவிட்டிருந்தது. பச்சைக் களிம்பைச் சுரண்டி எடுத்து, கம்பியைச் சூடாக்கி ஈயத்தை வைத்தபோது அந்தப் புகை எழுந்தது. குங்கிலியம் கலந்த புகை. சூட்டுக்கோலைக் கையில் பிடித்தபடி அப்படியே குந்திவிட்டேன்.

"எங்கட கோயில் மணக்குது" என்பாய் நீ. "எங்கட வீட்ட வெள்ளிக்கிழமையும் இதே மணம்தான்" என்பேன் நான். ஒலுவில் கெம்பஸ் விடுதியில் நாம் பற்றவைத்த முதல் இணைப்பிலிருந்து இந்தப் பேச்சு மாறாமல் நடந்தது. இன்றைக்கு என் பாதியைச் சொல்ல வாய் வந்தது. உன் பாதியைச் சொல்ல ஆளில்லை.

நீ கோமாரிக்காரி, நான் சாய்ந்தமருதுக்காரி. இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, ஒன்றாகவே அமெச்சூர் வானொலி அனுமதியும் எடுத்தோம். உன் குரலுக்கு வானொலி பிடித்திருந்தது. ஒலிவாங்கியை எடுத்தால் முகமறியாத மனிதரோடு மழையைப் பற்றியும் மீனைப் பற்றியும் கதைத்துக்கொண்டே இருப்பாய். எனக்கு அது வராது. யாராவது என் அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டாலே ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிடுவேன். அதனால்தான் நான் தட்டச்சுப் பக்கம் போனேன். எழுத்தைக் கணினி மெல்லிய சுரங்களாக்கி மிக மெதுவாக அனுப்பும். மறுபக்கக் கணினி, காதுக்குக் கேட்கவே கேட்காத அந்தச் சுரங்களை இரைச்சலுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்துத் திரும்ப எழுத்தாக்கும். ஒரு நிமிடம் ஒருவர் அனுப்ப, அடுத்த நிமிடம் மற்றவர் பதில் அனுப்புவார். "இது கதையா? ஊமக் கூத்து" என்று நீ சிரித்தாய்.

பிறகு உன் நுரையீரலில் அந்த நோய் வந்தது. அலுவலக வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தாய். இரண்டு சொல் பேசினால் மூன்றாவதற்கு மூச்சு வாங்கும். ஒருநாள் தொலைபேசியில் இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சொன்னாய்: "ஹஸ்னா... இப்ப நானும்... உன்ட பக்கம்தான்."

வாட்ஸ்அப் இருந்ததே என்று யாரும் கேட்கலாம். இருந்தது. மருந்து, கிளினிக் நாள், பஸ் எல்லாவற்றையும் அதில்தான் எழுதிக்கொண்டோம். ஆனால் நீ அதில் ஒருநாள் எழுதியது எனக்கு மறக்கவில்லை. "போன்ல எல்லாரும் எப்படி இரிக்கு எண்டுதான் கேக்காங்க. வானொலியில மட்டும்தான் சத்தம் எப்படி வருது எண்டு கேக்காங்க." அன்றைக்குத்தான் நமக்கென்று ஒரு மென்பொருள் எழுதுவதென்று முடிவெடுத்தோம்.

ஏற்கெனவே இருந்தவற்றில் தமிழுக்கு இடமில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து கொஞ்சம், அழைப்புக்குறி, இருக்கும் இடம், சத்தத்தின் அளவு, அவ்வளவுதான். நமக்கு எழுத்தொன்றுக்கு ஐந்து பிட் என்று வைத்துக்கொண்டோம். அதில் முப்பத்திரண்டு இடங்கள். உயிரும் மெய்யும் புள்ளியும் சொல்லிடைவெளியும் வைத்தவுடனே எல்லாம் நிரம்பிவிட்டது.

"ஹ-வுக்கு இடமில்ல. பறவாயில்ல, நான் அஸ்னா எண்டு வெச்சிக்கிறன். ஸ-வும் இல்லாட்டி அச்னா" என்றேன்.

நான் விளையாட்டாகச் சொன்னதற்கு நீ அடுத்த நாள் வரை பதில் அனுப்பவில்லை. பிறகு ஒரு நீண்ட செய்தி வந்தது. "உன்ட பேர எழுத ஏலாத ஒண்டச் செய்ய எனக்கு விருப்பமில்ல. ந-வும் ன-வும் ஏன் ரெண்டு இடம் எடுக்குது? சொல்லுக்கு முதல்லயும் த-வுக்கு முன்னாலயும் வந்தா ந, மத்த இடத்தில ன. அதப் பெட்டியே பாத்து எழுதட்டும். ங எப்பவும் க-வோடதான் வரும், அதுக்கும் தனி இடம் தேவையில்ல. இப்ப ரெண்டு கதிரை காலி. ஹ-வையும் ஸ-வையும் இருக்கச் சொல்லு."

இன்றைக்கும் அந்த அட்டவணை அப்படியேதான் இருக்கிறது.

நாம் உண்மையாகச் சண்டை பிடித்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒவ்வொரு செய்தியின் முடிவிலும், எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட ஒரு சிறிய முத்திரை போகும். வாசித்த எழுத்தில் ஒன்று பிழைத்தாலும் முத்திரை பொருந்தாது. பொருந்தாவிட்டால் திரையில் எதுவும் வராது. அதைக் குறுக்கினால் இன்னும் சில எழுத்துகள் அனுப்பலாம், இன்னும் மங்கலான செய்திகளையும் காட்டலாம் என்று நான் நின்றேன். நீ இறங்கவே இல்லை.

"அப்ப சும்மா இரைச்சலையும் எழுத்தெண்டு காட்டும்கா."

"எப்பவாவது ஒருக்கா."

"அந்த ஒருக்கா எது எண்டு உனக்கெப்படித் தெரியும்? இல்லாததச் சொல்லுற பெட்டிய விடக் கதைக்காம இரிக்கிற பெட்டி நல்லம்."

கடைசியில் முத்திரை நீ கேட்ட நீளத்திலேயே நின்றது.

ஒரு ஞாயிறு பின்னேரம் எல்லாம் சரிவந்தது. கோமாரியில் இரண்டு தென்னைகளுக்கிடையே உன் அண்ணன் கட்டிய கம்பி. இங்கே என் மொட்டைமாடிக் கம்பி. ஒரு முழு நிமிடம் காத்திருந்தேன். வானொலியில் தமிழில் எனக்கு வந்த முதற் செய்தி திரையில் விழுந்தது: "என்ன கறி". சிரிப்பும் அழுகையுமாக நான் இன்னொரு நிமிடம் எடுத்துப் பதில் அனுப்பினேன்: "கீரி மீன்". அறைக்குள் எட்டிப் பார்த்த உம்மா, "மழ பெய்யுதாக்கும் எண்டு உடுப்பெடுக்க ஓடினன், உன்ட பெட்டியா இது இரையிற?" என்று ஏசிவிட்டுப் போனா.

அதற்குப் பிறகு அநேகமான பின்னேரங்களில் நீ வந்தாய். உனக்கு ஒட்சிசன் இயந்திரம் வைத்த பிறகு அதன் மோட்டார் இரைச்சல் உன் வானொலிக்குள் புகுந்துவிட்டது. நான் அனுப்புவது உனக்குக் கேட்பது அரிதாயிற்று. அப்போதும் நீ அனுப்பினாய். "நீ கேட்டாய் எண்டே வெச்சிக்கிறன்" என்று ஒருமுறை வந்தது.

அந்தக் கடைசிப் பின்னேரம் சம்மாந்துறைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் வானொலியில் இரைச்சல் வெடித்தது. இரைச்சலைப் படமாக ஓடவிடும் நீலத் திரையில், வெடிப்புகளுக்கிடையே ஒரு கோடு மெல்ல இறங்குவதைக் கண்டேன். கண் இமைத்தால் மறைந்துவிடும், அவ்வளவு மங்கல். நிமிடம் முடிந்தது. செய்தி விழும் இடம் வெறுமையாகவே இருந்தது. "மீண்டும்" என்று அனுப்பினேன். திரும்ப அனுப்பினேன். கோடு வரவில்லை. போனில் எழுதினேன், நீ பார்க்கவில்லை. காலையில் உன் அண்ணன்தான் அழைத்துச் சொன்னார்.

செத்த வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதற் கேள்வி அதுதான். "பின்னேரம் அவள் அந்தப் பெட்டிக்கு முன்னால இருந்தவள், மகள். இருந்துபோட்டு வந்துதான் படுத்தவள். உனக்கென்ன சொன்னவள்?"

"இன்னும் வாசிக்கல்ல அம்மா. வாசிச்சிட்டு வந்து சொல்லுறன்" என்றேன்.

கணினி அந்த நிமிடத்து ஒலியைச் சேமித்து வைத்திருந்தது. அதை வாசிப்பதற்காகவே நம் மென்பொருளைத் திரும்ப எழுதத் தொடங்கினேன். மின்னல் வெடிப்புகளை வெட்டி எடுக்கும் பகுதி ஒன்று. வளைந்து வரும் கோட்டை நிமிர்த்தும் பகுதி இன்னொன்று. கொழும்புக் கம்பனி வேலையை வீட்டிலிருந்தே முடித்துவிட்டு, ஒவ்வொரு பின்னேரமும் அந்த ஒரே நிமிடத்தோடு இருந்தேன். எழுதியதைக் காட்ட, இது ஏன் பிழைக்கிறது என்று கேட்க, இந்த ஊரில் யாரும் இல்லை. கேட்கக்கூடிய ஒருத்தியைப் பற்றியதாகவே வேலை இருந்தது. மென்பொருள் நன்றாக முன்னேறியது. பழைய பதிவுகளில் அன்று வாசிக்க முடியாமற் போனவை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்த ஒன்று மட்டும் திறக்கவில்லை. முத்திரை ஒருமுறைகூடப் பொருந்தவில்லை.

அப்போதுதான் ஊகத்துக்குப் போனேன். இப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று ஒரு செய்தியை நாமே கொடுத்து, பதிவோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்கலாம். முழுச் செய்தியையும் நாமே கொடுக்கும்போது முத்திரையும் ஊகத்தோடு சேர்ந்தே வந்துவிடும். அது காவல் நிற்காது. பொருத்தத்தின் அளவு மட்டும்தான் மிஞ்சும். அந்த அளவையும் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஒருநாள் திரையில் விழுந்தது: "போயிட்டு வாறன்".

மேசையில் தலையை வைத்து அழுதேன். உம்மா வந்து முதுகைத் தடவினா. முகம் கழுவிக்கொண்டு வந்து திரும்பவும் உட்கார்ந்தேன். அந்தச் சொற்களை ஊகப் பட்டியலில் போட்டது நான்தான் என்பது மெல்ல உறைத்தது. "மழை வருது" என்று கொடுத்துப் பார்த்தேன். பொருந்துகிறது என்றது. "கீரி மீன்" கொடுத்தேன். அதற்கும் ஓம் என்றது. நான் கேட்க விரும்பிய எதையும் உன் வாயில் வைத்துத் தரப் பெட்டி தயாராக இருந்தது. ஊகப் பட்டியலை அழித்தேன். அளவைப் பழைய இடத்துக்கே ஏற்றினேன். திரை வெறுமையானது. அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நீ இல்லை என்பதை முதன்முதலாக நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

போன கிழமை பொத்துவில் பஸ்ஸில் ஏறிக் கோமாரிக்குப் போனேன். உன் அம்மா இளநீர் வெட்டித் தந்துவிட்டு எதிரில் உட்கார்ந்தா.

"வாசிக்க ஏலாமப் போச்சு அம்மா. எல்லாம் செய்து பாத்திட்டன்."

அம்மா அந்தக் கம்பி கட்டிய தென்னைகளைப் பார்த்தா. "அது அவள்தானா எண்டாவது தெரியுமா மகள்?"

மடிக்கணினியைத் திறந்து அந்தப் படத்தைக் காட்டினேன். "ஓம் அம்மா, அவள்தான். அவளிட பெட்டி பழசு. சூடேற ஏற சுரம் இறங்கிப் போகும். இந்தா பாருங்க, கோடு இடப்பக்கம் வளையுது. வேற ஆர் அனுப்பினாலும் இப்படி வராது."

அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் அந்தக் கோட்டை மேலிருந்து தொட்டுக்கொண்டே வந்தா. அடியில் வந்து விரல் நின்றது.

"இது எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்."

"இடையில விடல்லயா?"

"இல்ல அம்மா. கடைசி வரைக்கும் இரிக்கு."

"ரெண்டு சொல்லுக்கு மேல கதைக்க ஏலாம இருந்த புள்ள" என்றா அம்மா. "ஒரு நிமிஷம் முழுக்க நிப்பாட்டாமக் கதைச்சிருக்காள்."

பின்னேர பஸ்ஸுக்கு அண்ணன் கொண்டுவந்து விட்டார்.

மென்பொருளின் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டேன். யாரோ எங்கோ அதை இறக்கிக்கொள்கிறார்கள். தமிழில் அனுப்புகிறவர் இன்னும் எவரும் வரவில்லை. இன்று கம்பியைச் சரிசெய்துவிட்டு ஒரு நிமிடம் அனுப்பினேன், ஒரு நிமிடம் கேட்டேன், மறுகா அனுப்பினேன். இரைச்சல் நன்றாகத்தான் வந்தது.

இவ்வளவு காலம் உன்னோடு கதைத்ததில் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிவிட்டது. யாராவது பேசி முடித்ததும் என்னால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை. அவர்கள் சொன்னது முழுவதும் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறேன். உம்மாவுக்கு அது எரிச்சல். நேற்றுக் கம்பனியின் இணையவழிக் கூட்டத்திலும் அப்படித்தான் ஆனது. என்னிடம் ஏதோ கேட்டுவிட்டு எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"ஹலோ, ஹஸ்னா? லைன் கட்டாயிட்டா?"

"இல்ல" என்றேன். "இரிக்கன். கேட்டுட்டுத்தான் இரிக்கன்."