ட்ரெய்லருக்குப் பின்னால் நின்றவள் எழுதுவது

அண்ணை,

இன்று காலை மோர்னிங்சைட் வீதியில் எனக்கு முன்னால் ஒரு பயிற்சி ட்ரக் போய்க்கொண்டிருந்தது. பின்கதவில், பழகுகிறவர் ஓட்டுகிறார் என்ற மஞ்சள் பலகை. இரவு கொட்டிய ஸ்னோவை வீதியின் இரு கரையிலும் இடுப்பளவுக்கு ஒதுக்கி விட்டிருந்தார்கள். சந்தியில் வலப்பக்கம் திரும்புவதற்குள் பச்சை விளக்கு இரண்டு தரம் வந்து போய்விட்டது. என் பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. நான் அடிக்கவில்லை. உள்ளே இருப்பவருக்கு விரல்கள் விறைத்திருக்கும், ட்ரெய்லரின் பின்சில்லு கரையில் ஏறுகிறதா என்று கண்ணாடியில் தேடிக்கொண்டிருப்பார் என்று எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இத்தனை நாளும் உங்களை நினைத்தால் அழுகைதான் வரும். இன்றைக்கு அப்படி இல்லை. மூச்சு லேசாக வந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆறு வருடத்துக்கு முந்திய தை மாதம் அது. நான் பதினொரு வருடம் வேலை செய்த கார் இருக்கைத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. ட்ரக் ஓட்டப் பழகப் போகிறேன் என்றதும் என் கணவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வகுப்பில் ஆறு பேர். பெண் நான் ஒருத்தி. என்னை விட்டால் தமிழ் ஆள் நீங்கள் ஒருவர்தான்.

முதல் நாள் பயிற்சிப் பள்ளியின் கொண்டெய்னர் அலுவலகத்தில் ஹீற்றருக்குக் கையைக் காட்டியபடி, "ஊரிலை எவடம்?" என்று கேட்டீர்கள்.

"சாவகச்சேரி."

"நான் மன்னார். லொறி ஓடினனீரோ?"

"ட்ரக்டரிலை கூட ஏறினதில்லை, அண்ணை."

"நான் நாலு வருசம் மீன் லொறி ஓடினவன். என்ன, இஞ்சை ரோட்டிலை எல்லாம் மற்றப் பக்கம்" என்று சிரித்தீர்கள்.

இரண்டு பேரும் மல்வேர்ன் பகுதியில்தான் இருந்தோம். நீங்கள் ரவுண்ஹவுஸ் வரிசையில் ஒரு வீட்டில், நான் அதற்கு எதிரே வாடகைக் கட்டிடத்தில். நான் இரண்டு பஸ் மாறி வருகிறேன் என்று தெரிந்ததும், "ஏன் நிண்டு விறைக்கிறாய் தங்கச்சி, என்னோடை வாவன்" என்றீர்கள். அன்றிலிருந்து 'நீர்' போய் 'நீ' வந்தது. காரில் ஏறினால் இரண்டு பார்சல் இருக்கும். பாணுக்குள் மாசிக் கருவாட்டுச் சம்பல். "அவ உனக்கும் ஒண்டு கட்டினவ" என்பீர்கள். உங்கள் மனைவியின் முகத்தைப் பார்க்க முதலே அவர் கைச்சமையலைச் சாப்பிட்டவள் நான்.

அந்தக் குளிரை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு. ட்ரக்கைச் சுற்றி நடந்து ஒவ்வொரு பாகமாகத் தொட்டுத் தொட்டு ஆங்கிலத்தில் ஒப்புவிக்க வேண்டும். வாய் விறைத்து, தெரிந்த சொல்லும் வராது. பேனை எழுதாது. பிரேக்குக்குப் போகிற காற்றுக்குழாய் உறைந்துவிடும். ரிவேர்ஸ் எடுக்கும்போது யன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட வேண்டும் என்பது எங்கள் பயிற்சியாளரின் சட்டம். ஜமேய்க்காவில் பிறந்த அந்தப் பெரிய மனிதர் மூன்று தொப்பி போட்டுக்கொண்டு வெளியே நின்று, "காது கேட்காமல் பின்னுக்கு வரக்கூடாது" என்று கத்துவார்.

எனக்கு ரிவேர்ஸ் சரிவரவே இல்லை. ஒரு நாள் ட்ரெய்லரைக் குறுக்காக மடித்துவிட்டு ஸ்ரியரிங்கில் தலையை வைத்து அழுதேன். நீங்கள் படியில் ஏறி வந்து எட்டிப் பார்த்தீர்கள். "அழுதால் கண்ணீர் உறைஞ்சு போம், பிறகு கண்ணாடியும் தெரியாது" என்றீர்கள். "நீ ட்ரக்கைத் திருப்பிறாய். ட்ரக்கை மற. ட்ரெய்லர் எங்கை போகுதோ அதுக்குப் பின்னாலை போ." மூன்றாம் தரம் அது கோட்டுக்குள் நின்றது.

ஏன் இந்த வயதில் இதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். உணவகக் குசினியில் பத்தொன்பது வருடம் நின்றதாகச் சொன்னீர்கள். "கனடாவிலை நான் பாத்தது புகைபோக்கியைத்தான், தங்கச்சி. இந்த நாடு எவ்வளவு பெரிசாம். ஒருக்கா ஓடிப் பாக்கவேணும்."

மூன்றாவது கிழமை, வியாழக்கிழமை. நீங்கள் ரிவேர்ஸ் எடுக்க, நான் ட்ரெய்லருக்குப் பின்னால் ஒரு கரையில், உங்கள் கண்ணாடிக்குத் தெரியும்படி நின்று கை காட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஸ்னோக் குவியல். போதும் என்று இரண்டு கையையும் தூக்கினேன். ட்ரெய்லர் நிற்கவில்லை. கத்தினேன். கண்ணாடியில் உங்கள் முகம் தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கண்ணில் நீங்கள் இல்லை.

நான் பக்கவாட்டில் பாய்ந்து குவியலுக்குள் விழுந்தேன். ட்ரெய்லர் நான் நின்ற இடத்தைத் தாண்டி ஸ்னோவுக்குள் புதைந்து நின்றது. அடுத்த நிமிடம் உங்கள் குரல் கேட்டது. "என்ன? என்ன நடந்தது?"

பயிற்சியாளர் ஓடிவந்தார். "பூட்ஸிலை ஐஸ். கால் பிரேக்கிலையிருந்து வழுக்கிப் போட்டுது" என்று உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னீர்கள். எல்லாருக்கும் ஒரு தரமாவது நடந்த விஷயம்தான் அது. பூட்ஸைச் சுரண்டிவிட்டு ஏறச் சொல்லி எல்லாரையும் ஏசினார். அத்துடன் முடிந்தது.

திரும்பி வரும்போது காரில் நான் கேட்டேன். "அண்ணை, அது வழுக்கினதில்லை."

"கொஞ்சம் தலை சுத்தினது. காலமை சாப்பிடேல்லை."

"என்னோடைதானே சாப்பிட்டனீங்கள்."

கோப்பிக் கடை வாசலில் காரை நிறுத்தினீர்கள். உள்ளே போகவில்லை. "முந்தியும் ரெண்டு தரம் வந்தது, குசினியிலை. அடுப்புச் சூடு எண்டு நினைச்சன்."

"டொக்டரிட்டைச் சொன்னனீங்களோ?"

"சொன்னால் மெடிக்கல் பாரத்திலை கையெழுத்து வைப்பாரோ?" ஸ்ரியரிங்கைப் பிடித்திருந்த உங்கள் கைகளைப் பார்த்தேன். எண்ணெய் தெறித்துத் தெறித்துப் புள்ளி விழுந்த கைகள். "ரோட் டெஸ்டுக்குப் பதினொரு நாள்தான் கிடக்கு. பாஸ் பண்ணினாப் பிறகு போய்க் காட்டுறன். அந்தோனியார் மேலை சத்தியம். ஒருத்தருக்கும் சொல்லாதை."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வகுப்பு இல்லை, வீட்டில் அதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். குவியலுக்குள் விழுந்த நான் எழும்பிவிட்டேன். வீதியில் என்றால் பாய்ந்து தப்ப யாருக்கும் நேரம் இருக்காது. திங்கள் காலை காரில், "அண்ணை, நீங்களே சொல்லுங்கோ" என்றேன். நீங்கள் ரேடியோவைக் கூட்டி வைத்தீர்கள்.

போய் இறங்கியதும் நான் நேரே அலுவலகத்துக்குள் போனேன். பயிற்சியாளர் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "இது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்காது" என்று மட்டும் சொன்னார். பிறகு உங்களைக் கூப்பிட்டார்.

நீங்கள் வெளியே வந்தபோது நான் ட்ரக்கின் சில்லுகளைத் தட்டிப் பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல் சொன்னீர்கள். "நீ என்னைக் காட்டிக் குடுத்திட்டாய். என்ரை மனிசி கட்டித் தந்த பாணைத் திண்டுகொண்டு." காரில் ஏறிப் போய்விட்டீர்கள்.

அந்தச் சொல் எங்கள் ஊர்களில் எவ்வளவு கனம் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லால் ஆட்கள் காணாமல் போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். தெரிந்துதான் சொன்னீர்கள்.

அதன்பிறகு இரண்டு பஸ். தரிப்பிடத்தில் நிற்கும்போது உங்கள் கார் வீட்டு வாசலில் ஸ்னோ மூடிக் கிடப்பது தெரியும். நான் முதல் தரத்திலேயே டெஸ்ட் பாஸ் பண்ணினேன். அந்தக் கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது, முதலில் சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்ல முடியாமல் இருந்தேன். மில்ட்டனில் ஒரு சிறிய கொம்பனியில் வேலை கிடைத்தது. விண்ட்ஸருக்கும் மொன்றியலுக்கும் ஓடினேன். ஓடுகிற நேரமெல்லாம் ஒரே கேள்வி. ஒன்றுமே இல்லாத ஒரு தலைச்சுற்றுக்காக ஒரு மனிதரின் ஆசையை நான் கெடுத்துவிட்டேனா?

பதில் ஆடி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளாசாவில் மரக்கறிக் கடைக்குள் கிடைத்தது. யாரோ பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார். உங்கள் மனைவி. நான் யாரென்று நீங்கள் காட்டியிருக்க வேண்டும். அவர் என் கையை விடவேயில்லை. நீங்கள் தள்ளுவண்டியோடு நின்று முருங்கைக்காயைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்க்காமலே பேசினீர்கள்.

"ஆறு செக்கனாம்."

எனக்கு விளங்கவில்லை.

"பள்ளிக்கூடம் டொக்டரிட்டை அனுப்ப, நெஞ்சிலை ஒரு மிசின் ஒட்டி விட்டவங்கள். நாலாம் நாள் ரீவி பாத்துக்கொண்டு இருக்கேக்கை இருதயம் ஆறு செக்கன் நிண்டு போச்சு. அடுத்த நாளே கூப்பிட்டு பேஸ்மேக்கர் வைச்சிட்டாங்கள்." முருங்கைக்காயை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தீர்கள். "நான் கணக்குப் பாத்தன். நானூற்றொண்டு ஹைவேயிலை ஆறு செக்கனுக்குள்ளை லொறி நூற்றைம்பது மீற்றருக்கு மேலை போம். முன்னாலை ஒரு பஸ் நிண்டிருந்தால்..."

உங்கள் மனைவி, பிறகு நான் அக்கா என்று கூப்பிட்டவர், அப்போதுதான் வாய் திறந்தார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நித்திரையிலையே போயிருப்பார் எண்டு டொக்டர் சொன்னவர்."

நான் வெங்காய மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் ஓடிவந்து தண்ணீர் தந்தார். ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த ஒன்று, அந்த மூட்டைமேல் இருந்தபோதுதான் இறங்கியது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"உன்னட்டை மன்னிப்புக் கேக்க வரேல்லை. கோவம் இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றீர்கள். பிறகு, "ட்ரெய்லர் எப்பிடி, மடியாமல் போகுதோ?" என்று கேட்டீர்கள்.

"போகுது, அண்ணை."

உங்கள் கோபம் எப்போது முழுதாகப் போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து நீங்கள் ட்ரக் லைசென்ஸுக்குத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார்கள். நீங்கள் போகவில்லை. "என்ரை இருதயத்தை நான் நம்புவன். மற்ற ஆக்கள் ஏன் நம்பவேணும்?" என்றீர்கள். அப்போது எங்கள் கொம்பனியில் ட்ரைவர்மாருக்கு லோட் பிரித்துக்கொடுக்க ஆள் தேடினார்கள். முதலாளியிடம் நான்தான் உங்களைப் பற்றிச் சொன்னேன். நாலு வருடம் அந்த நாற்காலியில் இருந்தீர்கள். பஞ்சாபிகள், சோமாலிகள், எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் உங்களைப் பிடித்தது. வானிலை சரியில்லை என்றால் முதலாளியோடு சண்டை பிடித்து லோட்டை நிறுத்திவைப்பீர்கள்.

நீங்கள் வேலைக்கு வந்த பிறகு இரண்டாவது ஐப்பசியில் முதலாளி ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டு, ஒரேயொரு தரம், உங்களை என் பக்கத்து இருக்கையில் ஏற்றிவிட்டார். தண்டர் பே வரைக்கும் போய் வந்தோம். இலைகள் எல்லாம் சிவந்து கிடந்தன. நீங்கள் பார்த்துக்கொண்டே வந்தீர்கள், ஒரு கண் நித்திரை கொள்ளவில்லை. ஒரு வளைவில் சுப்பீரியர் ஏரி திறந்தது.

"உது கடலோ?"

"ஏரி, அண்ணை."

கண்ணாடியை இறக்கி மூக்கை வெளியே நீட்டினீர்கள். "உப்பு மணமே இல்லை. இது எப்பிடியடா இவ்வளவு பெரிசாக் கிடக்குது" என்று உங்களுக்குள்ளேயே சொன்னீர்கள். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் உங்களைக் கொண்டுபோனது இருதயமல்ல, ஈரலில் வந்த கட்டி. பேஸ்மேக்கர் தன் வேலையைக் கடைசிவரை செய்தது. சித்திரையில் நான் உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீங்கள் பாதியாகிப் போயிருந்தீர்கள். அக்கா கோப்பி வாங்கப் போன நேரம், என்னைக் கிட்டக் கூப்பிட்டீர்கள்.

"ஒண்டு சொல்லவேணும். நான் அண்டைக்கு உன்ரை இடத்திலை நிண்டிருந்தால் வாய் திறந்திருக்கமாட்டன். பேசாமல் இருந்திருப்பன். பாஸ் பண்ணட்டும், பாவம் எண்டு. அதை நினைச்சால் எனக்குத்தான் பயமாக் கிடக்கு."

"விடுங்கோ, அண்ணை."

"விட்டிட்டன். உனக்கும் சொல்லோணும் எண்டுதான்."

மூன்று கிழமையில் நீங்கள் போனீர்கள். வீட்டில், பகலில், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு. யாரையும் இடிக்காமல், யாருடைய பிள்ளையையும் கொண்டுபோகாமல். சவப்பெட்டியைப் பார்த்து நான் அழுதேன்தான். ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு பெரிய ஆறுதல் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்லலாம்.

போன கிழமை எனக்குத் தந்த ட்ரெய்லரில் ஒரு பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. உங்கள் நாற்காலியில் இப்போது இருக்கிறவர், ஒஷாவா மட்டும்தானே, மெல்லமாகக் கொண்டுபோங்கோ என்றார். சுற்றி நாலு ட்ரைவர்மார் நின்றார்கள். அதில் ஒருவர் இந்த ட்ரெய்லரை முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் ஓட்டிவந்தவர். அவர் நிலத்தைப் பார்த்தார். எனக்குக் குரல் நடுங்கியது. இத்தனை வருடம் ஓடியும் அந்த நடுக்கம் எனக்குப் போகவில்லை, அண்ணை. ஆனால் இதைக் கொண்டுபோகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அந்த ட்ரெய்லர் போகவில்லை.