டர்போவும் ஒரு வாய் வெற்றிலையும்

செவ்வாய், 14-10-97

அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இன்று பதினெட்டு நாள். அவர் ஓட்டிய லாரியின் டர்போ எரிந்ததற்கு அவரே காரணம் என்று முதலாளி ஒர்க்‌ஷாப்பில் எல்லார் முன்னும் சொன்னார். "உன் புருஷன் சூட்டோட எஞ்சினை ஆஃப் பண்ணிட்டான்மா."

வீட்டு வாசலுக்கு வந்தாலும், டர்போ ஆறட்டும் என்று ஒரு வெற்றிலை மென்று முடியும்வரை எஞ்சினை ஓடவிட்டுத்தான் இறங்குவார். சோறு ஆறுதே என்று எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்!

"டர்போவுக்கு எண்ணெய் போற குழாயைக் கழட்டுங்கண்ணா," என்றேன் மெக்கானிக்கிடம். கழற்றியதும் உள்ளே பழைய எண்ணெய் தார் போல அடைத்திருந்தது. "ஆயில் மாத்தி வருஷமாச்சு முதலாளி. எண்ணெய் வராம டர்போ எரியாதா?" என்றார் மெக்கானிக்.

"மாத்தணும்னு அவர் கேட்டப்ப, அடுத்த லோடு முடியட்டும்னது யாரு?" என்றேன் முதலாளியிடம்.

குழாயை எடுத்துவந்து அவர் படத்தருகே வைத்திருக்கிறேன். அதைக் கேட்டு வந்தால் முதலாளி வாசலிலேயே நிற்கட்டும், நான் ஒரு வெற்றிலை மென்று முடிக்கும்வரை.