மலீஹாவின் ஆடும் ஒரு பவுண்டும்

டெக்ஸாஸ்
15-10-2007

அன்பு மகன் முஸ்அபுக்கு, அம்மா ஹபீஸா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் உன் தங்கச்சி மலீஹாவும் சுகமாக இருக்கிறோம், குபெர்டினோவில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெருநாளன்று நீ போன் பண்ணி, மலீஹாவின் ஆடு கவுண்டி ஃபேரில் என்ன ஆச்சு என்று கேட்டாய். அப்புறம் சொல்கிறேன் என்று நான் போனை அத்தாவிடம் கொடுத்துவிட்டேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தது பாதிக் காரணம். மீதிக் காரணத்தை எழுத்தில்தான் சொல்ல முடியும். நீ எட்டாவது வரை திருச்சியில் படித்தது இதற்காவது உதவுகிறது, மலீஹாவுக்கு எழுதினால் நானே வாசித்தும் காட்ட வேண்டியிருக்கும்.

நீ வேலைக்குப் போன பிறகுதான் நாங்கள் இந்த ஊருக்கு வந்தோம், அதனால் மாவட்டத் திருவிழா மாதிரி இங்கே நடக்கிற இந்த ஃபேரைப் பற்றி உனக்குத் தெரியாது. ராட்டினமும் பொரித்த சோளமும் ஒரு பக்கம் இருக்கிறதுதான், ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது முக்கியமில்லை, பிள்ளைகள் வளர்த்த ஆடு மாடுகளின் ஏலம்தான் முக்கியம். ஆட்டுக் கொட்டகைக்குப் பொறுப்பாக இருக்கும் மிஸ் டோனா என்ற அம்மா எனக்கு அந்தக் கதையைச் சொன்னார். எழுபது வருஷத்துக்கு முன்னால் மழையில்லாமல் பருத்தி கருகிப்போன ஒரு வருஷம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வளர்த்த கன்றுகளை வாங்க ஆளே வரவில்லையாம். இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் ஒரு பெண்ணின் கன்றைச் சந்தை விலைக்கு மேலேயே கொடுத்து வாங்கினாராம், அதைப் பார்த்து வெட்கப்பட்டுப் பக்கத்துக் கடைக்காரர்களும் வாங்கினார்களாம். அன்றிலிருந்து ஊரிலுள்ள கடைக்காரரும் டாக்டரும் வக்கீலும் வருஷா வருஷம் வந்து உட்கார்ந்து பிள்ளைகளின் படிப்புக்காக அதிக விலைக்கு ஏலம் எடுக்கிறார்கள். பிள்ளைகள் ஒரு மாதம் முன்பே கைப்பட லெட்டர் எழுதி அவர்களை அழைக்க வேண்டும், ஏலத்தன்று கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை போட வேண்டும், வாங்கினவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் நிக்காஹ் சடங்கு மாதிரி, ஒன்று விட்டுப்போனாலும் முகம் சுளிக்கிறார்கள்.

மலீஹா மே மாதம் ஒரு குட்டியை வாங்கி பிஸ்கட் என்று பேர் வைத்தாள். ஹைஸ்கூலில் கடைசி வருஷம் என்பதால் இதுதான் அவளுக்கு ஒரே வாய்ப்பு. நோன்பு மாதத்திலும் சஹர் முடிந்து தொழுதுவிட்டு அதை இரண்டு மைல் நடத்திக்கொண்டு போவாள். ஏலத்துக்கு எட்டு பேருக்கு லெட்டர் எழுதினாள். வருகிறேன் என்று உறுதியாகச் சொன்னவர் நம் பல் டாக்டர் சுந்தரராமன் அங்கிள் ஒருவர்தான். சுத்த சைவம், ஆட்டை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் அல்லவா என்று மூன்று தரம் கேட்டுக்கொண்டார்.

ஏலத்துக்குப் போக வேண்டுமானால் ஆடு அறுபது பவுண்டாவது இருக்க வேண்டும். ஆகஸ்டில் பிஸ்கட்டுக்கு வயிற்றில் பூச்சி வந்து மெலிந்து, பிறகு ஒருமாதிரி தேறியது. வீட்டில் எடை போட்டபோது அறுபத்தொன்று. ஆனால் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போன பயத்தில் வழியெல்லாம் கழிந்துவிட்டது. அத்தா வேலையாக டல்லஸ் போயிருந்தார், நான்தான் டிரைவ் பண்ணிக்கொண்டு போனேன். செவ்வாய்க்கிழமை மதியம் ஃபேர் தராசில் ஐம்பத்தொன்பது காட்டியது. அரை மணி நேரத்துக்குள் இன்னொரு தரம் நிறுக்கலாம் என்று மிஸ் டோனா சொன்னார். ஆடு தானாகக் குடித்தால் குற்றமில்லை, வாயில் குழாய் விட்டு நாமே தண்ணீர் ஏற்றக் கூடாது, அது ஃபேரின் பழைய சட்டம். மலீஹா வாளியை நீட்டினாள், வெல்லம் கரைத்துப் பார்த்தாள், அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இனிமேல் நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் டிரெய்லரில் மருந்து கொடுக்கிற குழாய் ஒன்று இருந்தது. நான் அதையும் ஒரு ஜக் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு, ஆட்டை டிரெய்லருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வா என்றேன். அவள் வந்தாள். என் கையில் குழாயைப் பார்த்ததும் "அம்மா, நோ" என்றாள். "யாரு பாக்குறாங்க இங்க, ரெண்டு கப் தண்ணிதானே, விஷமா குடுக்குறோம்" என்றேன். நான் சும்மா சொல்லவில்லை முஸ்அப், குழாயை ஆட்டின் வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நோன்பு வச்சுக்கிட்டா இதைப் பண்ணுறீங்க?" என்று தமிழிலேயே கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில், "உன் காலேஜுக்காகத்தான்டி பண்றேன்" என்று கத்திவிட்டேன். அவள் இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போதே ஆட்டைத் தராசுக்கு நடத்திக்கொண்டு போய்விட்டாள். அதே ஐம்பத்தொன்பது. ஒரு பவுண்டு குறைவு. மிஸ் டோனா சீட்டில் ஏதோ எழுதி, சாரி ஹனி என்றார். இவள் "யெஸ் மேம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று பேரீச்சம்பழம் வைத்து நோன்பு திறக்கும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆடு மறுநாளே போய்விட்டது. ஹூஸ்டன் பக்கம் ஹலால் இறைச்சிக் கடை வைத்திருப்பவரை அவளே போனில் பிடித்துச் சந்தை விலைக்குக் கொடுத்தாள், அவளே வண்டியில் ஏற்றினாள். அழவில்லை. நானாக இருந்தால் அழுதிருப்பேன். பிறகு வாரம் முழுக்கக் கொட்டகையில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கேஸி என்று ஒன்பது வயசுப் பெண், கையில் மாவுக்கட்டு, அதன் செம்மறியை ஏலக் களத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்றதும் இவள் போய் நின்றாள்.

பிஸ்கட் ஏலத்துக்கு வராது என்று பாவம் சுந்தரராமனுக்குச் சொல்ல நான் மறந்துவிட்டேன். அவர் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மலீஹா செம்மறியோடு வந்ததும் கையைத் தூக்கினவர்தான், சுத்தியல் தட்டும் வரைக்கும் இறக்கவே இல்லை. எல்லாம் முடிந்து என்னிடம் வந்து, "ஏம்மா ஹபீஸா, இந்த ஆட்டுக்கு ஏன் இவ்வளவு முடி?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதனால என்ன, அதுவும் படிக்கிற கொழந்தைதானே" என்று போட்டோவுக்குப் போய் நின்றார். மலீஹாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ஃபீஸ் குறைந்த கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்துகொள்கிறேன், பிறகு பெரிய காலேஜுக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள்.

அத்தாவிடம் அவள், தீனி சரியாகப் போடவில்லை, என் தப்பு என்று மட்டும் சொல்லியிருந்தாள். இது எனக்கு நெஞ்சில் கிடந்து உறுத்தியது. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிடும்போது அவள் எதிரிலேயே அத்தாவிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் இருந்திருந்தா ஊத்தியே இருப்பேன்" என்றார். மலீஹா சிரிக்கவில்லை. "எனக்கும்தான் ஆசையா இருந்துச்சு அம்மா. டிரெய்லருக்குப் பின்னால வா-ன்னு நீங்க சொன்னதும் நான் வந்தேன்ல? நீங்க குழாயைக் கையில எடுத்ததைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்துச்சு" என்றாள். நான் அவளுக்கு இன்னும் இரண்டு இட்லி வைத்தேன், வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டாள்.

அவளுக்கு நீ போன் பண்ணும்போது இதைக் கேட்காதே, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். காருக்கு ஆயில் மாற்ற மறக்காதே, ஜும்ஆவை வேலையைச் சாக்குச் சொல்லி விட்டுவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும், உன் தங்கச்சி மாதிரி பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படுகிற மனசும் தரட்டும். அத்தாவின் துஆ சலாம்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஹபீஸா