பாதி பாட்டில் ஸ்பிரிட்

விரலில் இன்னும் ஸ்பிரிட் வாசனை போகவில்லை. கழுவாமலே இதை எழுதுகிறேன்.

நம் கடைக்குட்டி, மாதா கோவில் பாட்டுக் குழுவுக்காகத் திருச்சியிலிருந்து பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். வயிற்றில் பாதி கட்டை, பாதி வெற்றிடம். மேலே வளைவாக இரண்டு துளைகள். சத்தம் கூட்டும் குமிழைத் தொட்டால் போதும், கரகரவென்று ஒரே இரைச்சல். "டவுனுக்கு எடுத்துட்டுப் போறேம்மா" என்றான். "வச்சிட்டுப் போடா" என்றேன். குமிழைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் பாகத்தின் தண்டில் நூல் கட்டி உள்ளே தள்ளி, வளைந்த துளை வழியாக வெளியே எடுத்தேன். ஸ்பிரிட் விட்டு இப்படியும் அப்படியுமாக ஐம்பது முறை திருப்பினேன். பிறகு பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல நூலைப் பிடித்து இழுத்தேன். தண்டு தன் இடத்துக்கே வந்து நின்றது. பையன் வாயைப் பிளந்தான். அவனுக்கு நம் கதை பாதிதான் தெரியும்.

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். எங்கள் ஊர் வரதராசன்பேட்டைத் திருவிழாவுக்கு அரியலூரிலிருந்து மாட்டு வண்டியில் மைக் செட்டோடு வந்தீர்கள். அதற்கு முன்பே உங்கள் அத்தை என்னைப் பெண் கேட்டுப் போயிருந்தார். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பரீட்சை வைக்காமல் யாரையும் பாஸ் போடமாட்டார். "திருவிழாவுல அவரு மைக்கு ஒழுங்கா பேசட்டும். அப்புறம் நாம பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு உங்களைப் பிடித்துப்போயிருந்தது. அதனால் அந்தப் பரீட்சையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் தேர். மதியம் குமிழைத் திருப்பினீர்கள், இதே கரகரப்பு. உங்கள் குடும்பம் விக்கிரமங்கலத்தில் தலைமுறையாக வண்டி ஓட்டிய குடும்பம். அச்சு கத்தினால் எண்ணெய் போடு. உங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். வண்டிக்கடியில் தொங்கிய மூங்கில் குழாயிலிருந்து நாலு சொட்டு விளக்கெண்ணெயைக் குமிழுக்குள் விட்டீர்கள். கரகரப்பு நின்றது. கூடவே சத்தமும் நின்றது. மைக் செட்டுக்கு விளக்கெண்ணெய் கொடுத்த மகராசன் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

வண்டி நிழலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தேருக்கு முன்னால் போகும் காஸ் லைட்டுகளைப் பற்றவைக்கிற ஸ்பிரிட் எங்கள் வீட்டில்தான் இருந்தது. விளக்கில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் அதைத் தொட்டுத்தான் துடைப்பேன். பாட்டிலைத் தாவணியில் மறைத்துக்கொண்டு வந்தேன்.

"இதுல கழுவிப் பாருங்க. நான் குடுத்தேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"செத்தாலும் சொல்ல மாட்டேங்க" என்றீர்கள்.

கழுவினீர்கள், திருப்பினீர்கள், மறுபடியும் கழுவினீர்கள். பாதி பாட்டில் காலி. ஆனால் மைக் பேசியது. அப்பா மூன்று வரி அறிவிப்புச் சொல்ல வந்து, தன் குரலைத் தானே கேட்டு மயங்கிக் கால் மணி நேரம் பேசினார்.

அப்போதுதான் காஸ் லைட்காரர் ஓடிவந்தார். "வாத்தியாரே, ஸ்பிரிட்டு பாதியக் காணோம்!" பக்கத்தில் நின்ற ஒருவர் உங்களை மோந்து பார்த்தார். "இந்தத் தம்பிகிட்டதான் வாசம் அடிக்குது. குடிச்சிட்டாரு போலருக்கு!" அப்பாவின் முகம் இறுகிவிட்டது. "நெசமா தம்பி?"

நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். செத்தாலும் சொல்ல மாட்டேன் என்றவர் சாகவே தயாராகிவிட்டீர்கள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். விறுவிறுவென்று மேசையருகே போய், அப்பா காதுக்கு மட்டும் எட்டும்படி, "நான்தாம்ப்பா எடுத்துக் குடுத்தேன். பாவம், அவரு மைக்குக்கு எண்ணெ ஊத்திட்டாரு" என்றேன்.

மேசையில்தான் மைக் இருந்தது. குமிழ் முழுசாகத் திறந்திருந்தது. பிசிறு இல்லாமல் என் குரல் முந்திரிக்காடு வரை போனது. தேருக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் பூவைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அப்பா ஒலிபெருக்கியைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஊருக்கே சொல்லியாச்சு. இனிமே இவள யாரு கட்டுவா? நீங்களே கட்டிக்கிங்க தம்பி. அந்த எண்ணெக் குழாய மட்டும் தூர வைங்க."

ஒரு விளக்கு குறைவாகத்தான் அன்று தேர் போனது. அதன்பிறகு நான் வீட்டில் குரலை உயர்த்தும்போதெல்லாம், "ஏ புள்ள, மைக்கு ஓடுது" என்பீர்கள். ஆனால் ஸ்பிரிட்டை யார் கொடுத்தது என்று பிள்ளைகள் எத்தனை முறை கேட்டாலும், "எனக்குத் தெரியாதுப்பா" என்பதே பதில். முந்திரிக்காட்டுக்கே தெரிந்த ரகசியத்தை என் ஒருத்திக்காகக் கடைசி வரை காப்பாற்றினீர்கள். செத்தும் சொல்லவில்லை.

அலமாரியில் எப்போதும் ஒரு ஸ்பிரிட் பாட்டில் வைத்திருக்கிறேன். இன்று கிட்டார் பிசிறில்லாமல் பாடியதும், பையனுக்கு மீதிக் கதையை நானே சொல்லிவிட்டேன். மைக் இல்லாமல், மெதுவாகத்தான் சொன்னேன். உங்களுக்குக் கேட்டதா?